ரூட்டு ‘தல’யும் எட்டுக் கட்டங்களும்

சென்ற பருவத் தொடக்கத்தில், நாம் பணியாற்றும் கல்லூரியின் கலையரங்கில் முதலாண்டு மாணவர்களுக்கென்று ‘ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்கு’ ஒன்று நடைபெற்றது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இது பழகிப்போன சடங்கு. நகரத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் திரையில் எட்டு வண்ணக் கட்டங்களைக் காட்டினார். எரிக் எரிக்சன் என்னும் உளவியல் அறிஞர் மனித வாழ்வைப் பகுத்த எட்டுப் பருவங்கள் அவை. ஐந்தாவது கட்டத்துக்குச் சிவப்பு நிறம்: ‘அடையாளமா, பங்குக் குழப்பமா?’ அதன்மேல் ஒளிப்புள்ளியை நிறுத்தி, “நீங்கள் இருப்பது இங்கே. இந்தக் கட்டத்தில் தோற்றவன்தான் நாளைக்கு ரூட்டு தல ஆகிறான்” என்றார். பின்வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியப் பெருமக்களாகிய நாங்கள் தலையாட்டினோம்.

பிறகு ஒரு வினாத்தாள் வழங்கப்பட்டது. மனநலத்தை அளக்கிறதாம். ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து கட்டங்கள். ஒன்றில் குறியிட வேண்டும். ‘என் எதிர்காலம் யார் கையில் இருக்கிறது?’ என்ற பொருளில் ஒரு வினா. தாள்களை அடுக்கிக் கொடுக்கும் பணி நமக்கு வாய்த்ததால் ஒரு தாள் கண்ணில் பட்டது. பட்டாபிராம் பக்கத்திலிருந்து வருகிற மாணவன். இரவு நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறவன். ஐந்து கட்டங்களையும் வெறுமையாக விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தான்: ‘கான்ட்ராக்டர் கையில்.’

அந்தத் தாள் செல்லாத தாள்களோடு சேர்க்கப்பட்டது. இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

நமது குற்றச்சாட்டு உளவியல்மீது அன்று. உளவியலைப் பாதியாக வெட்டி, வெட்டிய பாதியைக் கொண்டு பிள்ளைகளை அடிக்கிற நம் கல்வித்துறையின் வழக்கத்தின்மீது. எரிக்சனின் பெயரால் நடக்கிற இந்தக் காரியத்தை எரிக்சனைக் கொண்டே மறுக்க முடியும் என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில், வெளியூர் வாசகர்களுக்காக ‘ரூட்டு தல’ யாரென்று சொல்லிவிடுவோம். சென்னையின் பழம்பெரும் கலைக்கல்லூரிகளுக்கு, குறிப்பாக 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரிக்கும் 1842இல் தோன்றிய பச்சையப்பன் கல்லூரிக்கும், திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் மேற்குப் புறநகர்களிலிருந்தும் நாள்தோறும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒரே பேருந்துத் தடத்தில், ஒரே ரயிலில் வருகிறவர்கள் ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவன். அவனே தல. ரயில் பெட்டியின் பக்கத்தகட்டைத் தட்டிக் கானா பாடுவது, படிக்கட்டில் தொங்குவது, ஆண்டுக்கொரு நாள் பேருந்துக்கு மாலை போட்டுப் ‘பஸ் டே’ கொண்டாடுவது எல்லாம் அவன் தலைமையில் நடக்கும்.

இதை நாம் அழகுபடுத்தப் போவதில்லை. 2019 ஜூனில் பஸ் டே அன்று ஓடும் பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காணொளியை நாடே பார்த்துச் சிரித்தது. அடுத்த மாதமே, பெரம்பூரிலிருந்து திருவேற்காடு செல்லும் 29இ பேருந்தில் அரும்பாக்கம் அருகே பட்டாக்கத்திகளோடு மாணவர்கள் ஏறினார்கள், சிரிப்பு நின்றது. வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே கல்லூரி என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கல்லூரியைக் காட்டிலும் தடம் பெரிதாகிவிட்டது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இறந்தவனும் சிறைக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே வயதினர், ஒரே வகைக் குடும்பத்தினர். எந்த வீட்டின் அழுகை எந்த வீட்டினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒன்றுபோன்ற வீடுகள்.

இதற்கு நாம் கண்ட மருந்துகள் இரண்டு. ஒன்று காவல்துறையின் மருந்து: நன்னடத்தைப் பிணைப்பத்திரம். பிடிபட்டவன் கையில் மாவுக்கட்டோடு படத்தில் தோன்றுவதும், அவன் கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று செய்தி வருவதும், அதை நாம் நகைச்சுவையாக ரசிப்பதும் அதன் பக்கவிளைவுகள். இன்னொன்று கல்வித்துறையின் மருந்து: மேற்சொன்ன எட்டுக் கட்டங்கள். முதலாவது கையை உடைக்கிறது. இரண்டாவது, ‘உனக்குள் ஏதோ கோளாறு’ என்று சொல்லி அனுப்புகிறது. இரண்டும் சேருகிற இடம் ஒன்று உண்டு. சிக்கல் அந்தப் பையனுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை அது.

எரிக்சன் அப்படி நம்பியவரா?

அவருடைய ‘குழந்தைமையும் சமூகமும்’ என்ற நூல் 1950இல் வெளிவந்தது. எட்டுப் பருவங்கள் பற்றிய இயல் அதில்தான் வருகிறது. நம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் அந்த இயலை எட்டு இணைச் சொற்களாகச் சுருக்கி மனப்பாடம் செய்விக்கிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு 30 மதிப்பெண். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எரிக்சன் முடிந்தார். அதே நூலில், எட்டுப் பருவங்களுக்கு முன்பாகவே, அமெரிக்கச் செவ்விந்தியரான சூ இனத்தாரைப் பற்றி ஓர் இயல் இருக்கிறது. அதைப் படித்த ஒரு பயிற்சியாளரையும் நாம் இன்றுவரை சந்தித்ததில்லை.

தெற்கு டக்கோட்டாவிலுள்ள பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்துக்கு எரிக்சன் 1930களின் பிற்பகுதியில் போனார். அங்கிருந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சூ பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் மனம் ஒட்டுவதில்லை, போட்டியில் ஆர்வமில்லை, நழுவிப் போய்விடுகிறார்கள், எதிர்காலத்தைப் பற்றிய கவலையே இல்லை. நம் ஆசிரியர் அறையில் பிற்பகல் தேநீர் நேரத்தில் ஒலிக்கிற அதே பட்டியல்! எரிக்சன் பிள்ளைகளின் மூளைக்குள் தேடவில்லை. அந்த மக்களின் வரலாற்றைத் தேடினார். சூ இனத்து ஆணின் வாழ்வு முழுவதும் காட்டெருமையைச் சுற்றி அமைந்திருந்தது. உணவு, உடை, கூடாரம், வீரம், வழிபாடு எல்லாம் அதிலிருந்து வந்தன. சிறுவனை வளர்த்த முறையே அவனை வேட்டைக்காரனாக்கும் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வெள்ளையர் எருமைக் கூட்டத்தை அழித்துவிட்டார்கள். வளர்ப்பு முறை எஞ்சியது. வளர்ந்து ஆகவேண்டிய ஆள் இல்லாமற்போனான். ஒரு சமூகம் தன் இளைஞனுக்கு ‘நீ இன்னான்’ என்று சொல்லக்கூடிய இடத்தை இழந்துவிட்டால் அவன் மனம் என்னவாகும் என்பதே அந்த இயலின் கேள்வி. ‘அடையாளம்’ என்ற கருத்து அவருக்கு இப்படித்தான் உருக்கொண்டது. வரலாறு இல்லாமல் அதற்குப் பொருளே இல்லை.

இனி நம் எருமைகளுக்கு வருவோம்.

இந்த மேற்குப் புறநகரம் நிலத்தில் தானாக முளைத்ததன்று. ஒரு கனவின்படி கட்டப்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்ம மாதிரிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1949இல், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 1961இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1965இல் அதிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964 அளவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ டர்னரோ முடித்த பதினெட்டு வயதுப் பையன் ‘அப்ரண்டிஸ்’ ஆனான். சைக்கிளில் பித்தளை டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு சங்கு ஊதுவதற்குள் வாசலில் நின்றான். ‘டேங்க் ஃபேக்டரிப் பையன்’ என்றால் தெருவில் பெயர் இருந்தது, கடையில் கடன் கிடைத்தது, பெண் கொடுத்தார்கள். அவனிடம் ‘நீ யார்?’ என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையைக் காட்டியிருப்பான்.

அது பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அந்த அட்டை எல்லாச் சாதிக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. பெண்களுக்கு அரிதாகவே கிடைத்தது. ஆயினும் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இன்று சுருங்கிவிட்டது. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாக மாற்றப்பட்டன; ஆவடியும் அதில் அடங்கும். எஸ்டேட்டில் வேலை இல்லாமல் இல்லை. மேலே சொன்ன மாணவன் இரவெல்லாம் அங்கேதான் நிற்கிறான். ஆனால் அவன் பெயர் கம்பெனியின் பேரேட்டில் இல்லை, கான்ட்ராக்டரின் நோட்டில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கொருமுறை வேறு பட்டறை, வேறு வேலை. பகலில் அவன் பி.ஏ. வரலாறு. பட்டம் முடித்தால் என்ன ஆவான் என்பது அவனுக்கும் தெரியாது, சொல்லிக்கொடுக்கிற நமக்கும் தெரியாது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் இருபத்தொரு மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ரயிலிலிருந்து அதை நாள்தோறும் பார்க்கிறான். அதில் எந்த மாடியில் பி.ஏ. வரலாற்றுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்?

இளைஞரைப் பெரும்பாலும் அலைக்கழிப்பது ஒரு தொழிலோடு தம்மைப் பொருத்திக்கொள்ள இயலாமைதான் என்று எரிக்சன் அதே 1950 நூலில் சொல்லியிருக்கிறார். யாருமில்லாதவனாக இருப்பதைவிடக் கெட்டவனாகவேனும் யாரோ ஒருவனாக இருப்பதை இளைஞன் தேர்ந்துகொள்வான் என்றும் அவர் விளக்கினார். ‘எதிர்மறை அடையாளம்’ என்று அதற்குப் பெயரிட்டார். பயிற்சியாளர் சொன்னதுபோல் ரூட்டு தல ஐந்தாம் கட்டத்தில் தோற்றவன் அல்லன். தனக்குக் கிடைத்த ஒரே பொருளைக் கொண்டு அந்தக் கட்டத்தை எப்படியோ கட்டி முடித்தவன். அவனுக்குக் கிடைத்தது ஒரு ரயில் பெட்டி. திருநின்றவூரில் நான்குபேர், பட்டாபிராமில் ஐந்துபேர், இந்துக் கல்லூரி நிறுத்தத்தில் இரண்டுபேர், ஆவடியில் ஒரு பட்டாளம் என்று ஏறுகிற அந்தப் பெட்டியில் மட்டும் அவன் பெயர் எல்லாருக்கும் தெரியும். வகுப்பறையில் வருகைப் பதிவின்போதுகூட நாம் எண்ணைத்தான் அழைக்கிறோம்.

எரிக்சனின் இன்னொரு கருத்தையும் நம் பயிற்சியாளர்கள் தவறாமல் விட்டுவிடுகிறார்கள்: மாரட்டோரியம். கடன்பட்டவனுக்குத் தவணை கட்டுவதிலிருந்து தரப்படும் அவகாசம் என்பது அச்சொல்லின் பொருள். வளர்ந்தவனின் பொறுப்புகளை உடனே தலையில் ஏற்றாமல், இளைஞன் பல வேடங்களைப் போட்டுப் பார்க்கச் சமூகம் தருகிற இடைவெளியை அவர் அப்பெயரால் குறித்தார். தம் வாழ்விலும் அதை அனுபவித்தவர். தந்தை யாரென்று அறியாமல் பிராங்க்பர்ட்டில் 1902இல் பிறந்து, ஓவியனாக ஐரோப்பாவில் அலைந்து திரிந்து, இருபத்தைந்து வயதில் வியன்னா போய்ச் சேர்ந்தவர். நம் கல்லூரியில் படித்திருந்தால் வருகைப் பதிவு போதாமல் தேர்வெழுத விட்டிருக்கமாட்டோம்.

அம்பத்தூர்க் குடும்பங்கள் மாரட்டோரியம் என்ற சொல்லை 2020 ஊரடங்கின்போது கற்றுக்கொண்டன. ஆட்டோக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் ரிசர்வ் வங்கி அவகாசம் அளித்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது என்பது பின்னால்தான் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இளமையும் அப்படிப்பட்டதே. மேனிலைப் பள்ளியின் இரண்டு ஆண்டுகளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்கே செலவழித்துப் பதினோராம் வகுப்பை விழுங்கிய தனியார் பள்ளிகளை நாம் அறிவோம். அதைத் தடுக்கவென்று 2018இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது நீக்கப்பட்டது. தேர்வு வருவதும் போவதுமாக இருக்க, பதினாறு வயது என்ற ஒன்று மட்டும் யாருக்கும் கிடைத்தபாடில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளை இருபத்தைந்து வயதுவரை ‘தன்னைத் தேடலாம்’. பட்டாபிராம் பையனுக்குக் கிடைத்த அவகாசம் காலை ரயிலில் ஒரு மணி நேரம், மாலை ரயிலில் ஒரு மணி நேரம். அதையும் அபராதம் போட்டுப் பறிக்க வேண்டுமென்பது நம் ஆலோசனை!

எரிக்சனுக்குப்பின் ஜேம்ஸ் மார்சியா என்பவர் 1966இல் அடையாளத்தை நான்கு நிலைகளாகப் பகுத்தார். தேடலுக்கு ஆட்படாமலே பெற்றோர் காட்டிய வழியை ஏற்றுக்கொண்டவர்களை ஒரு வகையாக்கி, ‘ஃபோர்குளோஷர்’ என்று பெயர் வைத்தார். இதுவும் வங்கிச் சொல்லே. மனத்தின் கணக்கை அமெரிக்கர்கள் கடன் கொடுப்பவரின் மேசையிலிருந்தே பார்த்தார்கள் போலும். அந்த ஆய்வில் பேட்டி காணப்பட்டவர்கள் 86 அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், அனைவரும் ஆண்கள். தொழில், சமயம், அரசியல் ஆகியவை பற்றி அவர்களிடம் கேட்டார்கள். ஆய்வாளரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தாம் கண்டதைச் சொன்னார். ஆனால் தந்தை பக்கவாதத்தில் படுத்தபின் அவருடைய லேத்தின் முன்னால் போய் நின்ற கொரட்டூர்ப் பையனை, ‘தேடலில்லாமல் முடிவெடுத்தவன்’ என்று அந்த அளவுகோலால் அளந்து மதிப்பெண் குறைப்பது அறிவியலா? அவன் தேடவில்லை என்று யார் சொன்னது? அவன் தேடியது மருத்துவமனைக் கட்டணத்தை.

பெண்களைப் பற்றி இந்தக் கோட்பாடுகள் தொடக்கத்தில் தடுமாறின என்பதைக் கரோல் கில்லிகன் 1982இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். அதே ரயிலின் மகளிர் பெட்டியில் வருகிற நம் மாணவியருக்கு ‘தல’ கிடையாது, பஸ் டே கிடையாது. வீட்டுக்குள் வளரிளம் பருவத்தை மஞ்சள் நீராட்டு விழாவாகவும் பிளெக்ஸ் பதாகையாகவும் ஊருக்கு அறிவித்துவிட்டு, மறுநாள் முதல் அவள் வெளியே போகும் நேரத்தைக் கணக்கெடுக்கிறோம். பயிலரங்கின் ரூட்டு தல நகைச்சுவைக்கு அவர்கள் சிரிக்கவில்லை. நடைமேடையில் கல் பறக்கும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துப் பழகியவர்கள்.

இந்த இடத்தில் ஒரு தரப்பினர் மகிழ்ந்து எழுந்திருப்பார்கள். ‘பார்த்தீர்களா, மேலைநாட்டுக் கோட்பாடு நமக்கு ஒத்துவராது, நம் குடும்ப அமைப்பில் அடையாளச் சிக்கல் என்பதே கிடையாது’ என்பார்கள். இவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. குடும்பமும் ஊரும் பதினாறு வயதுப் பையனுக்குத் தாராளமாக அளிக்கிற அடையாளம் எது என்பதைத் தென்மாவட்டப் பள்ளிகளில் போய்ப் பார்க்கட்டும். மணிக்கட்டில் வண்ணக் கயிறாகக் கட்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிள்ளைகளுக்குப் பங்குக் குழப்பமே இல்லை. தாம் யாரென்று மிகத் தெளிவாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் பயங்கரம். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறுகளுக்குத் தடை கோரியது. கயிறு அவிழ்ந்த மணிக்கட்டில் வேறு எதைக் கட்டப் போகிறோம் என்ற கேள்வி எல்லாருக்குமானது. கயிற்றோடு ஒப்பிட்டால் ரயில் தடம் ஒருவகையில் மேலானது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. பிறப்பால் வராத ஓர் உறவை அந்தப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் கத்தி நுழைந்தது நம் எல்லாருடைய தோல்வி.

இளம்பருவம் என்றாலே புயல் என்ற எண்ணமும் கேள்விக்குரியதே. 1904இல் ஸ்டான்லி ஹால் ஜெர்மானிய இலக்கிய இயக்கமொன்றின் பெயரைக் கடன்வாங்கி, ‘புயலும் நெருக்கடியும்’ என்று இப்பருவத்தை வருணித்தார். 1960களில் சிகாகோவின் புறநகர்ப் பள்ளிகளில் டேனியல் ஆஃபர் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, பெரும்பாலோரிடம் அப்படிப் புயல் எதுவும் இல்லை என்றார். அங்கே கரையைக் கடந்துவிட்ட புயலுக்கு நாம் இங்கே இன்னும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் கற்பிக்கிற நமக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘விடலைத்தனம்’ என்று இன்று நாம் இகழ்ச்சியாகச் சொல்கிறோமே, அந்த விடலை சங்க மரபில் பாலைத்திணைத் தலைவனின் பெயர். காளை, மீளி, விடலை என்று ஆசிரியர்கள் வகுத்து வைத்தார்கள். பாலை என்பது வழிநடையின் திணை. வீட்டைவிட்டுப் புறப்பட்டு இன்னும் போய்ச் சேராதவனின் திணை. ஆபத்து நிறைந்த அந்த வழியில் நடப்பவனுக்கு மரபு ஒரு மரியாதையான பெயரைக் கொடுத்திருந்தது. அதை வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். பாலைத்திணையின் முதல், கரு, உரிப்பொருள்களை அட்டவணை போட்டு நடத்துகிறோம். எட்டுக் கட்டங்களைப் பழித்தோமே, நம் அட்டவணை மட்டும் என்ன வாழ்ந்தது? காலை ஐந்து மணிக்கு இரவுப் பணி முடித்து, ஆறரை ரயிலைப் பிடித்து, முதல் மணி வகுப்பில் பின்வரிசையில் தூங்குகிற பையனிடம் ‘விடலை’ என்ற சொல்லின் பொருளை நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

1962இல் எரிக்சன் அகமதாபாத்துக்கு ஒரு கருத்தரங்கு நடத்த வந்தார். வந்த இடத்தில், 1918இல் காந்தி முன்னின்று நடத்திய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவரை ஈர்த்தது. அதை மையமாக வைத்து 1969இல் ‘காந்தியின் உண்மை’ என்னும் நூலை எழுதினார். ஒரு மனிதரின் உள்ளத்தை அறிவதற்கு அவர் ஆலை வாசலில் போய் நின்று, அந்த வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். நம் பயிற்சியாளர் கல்லூரி வாசலிலிருந்து கலையரங்கம்வரை காரில் வந்தார். எஸ்டேட் வாசலும் ரயில் நிலையமும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன.

பயிலரங்கு முடிந்த மறுவாரம் அந்த மாணவனை அழைத்துப் பேசினோம். வினாத்தாளில் எழுதியதற்காகத் திட்டப் போகிறோம் என்று நினைத்துக் கைகட்டி நின்றான். “தப்பா எழுதலைங்க ஐயா, கேட்டாங்க, எழுதினேன்” என்றான். நீ தலயா என்று கேட்டோம். சிரித்தான். “அதுக்கெல்லாம் நேரம் இல்லைங்க ஐயா. போற ரயில்ல தூங்கிடுவேன். ஆவடி வந்ததும் பசங்க எழுப்பி உட்கார வைப்பாங்க, பெரம்பூர்ல டீ வாங்கிக் கொடுப்பாங்க” என்றான். அந்தப் பசங்களின் பெயரைக் கேட்டோம். இருபது பெயர்களை, ஏறுகிற நிலையங்களின் வரிசைப்படியே சொன்னான். அவற்றில் மூன்று பெயர்கள், ரயிலில் ரகளை செய்தவர்கள் என்று எச்சரித்துக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அப்போது ஒட்டப்பட்டிருந்த பட்டியலிலும் இருந்தன.

அடுத்த பருவத்துக்கும் அதே பயிற்சியாளரை அழைத்திருக்கிறார்கள். வினாத்தாள்கள் அச்சாகி வந்துவிட்டன. ஓரத்தில் எழுத இடமில்லாதபடி இம்முறை விளிம்பைக் குறைத்திருக்கிறார்கள்.